ஏறுன கியர்லதான் இறங்கணும்

“கியர் எங்கடா?”

வத்தலக்குண்டு வீட்டு வாசல். விடிந்தும் விடியாத நேரம். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்த அப்பா, பழக்கதோஷத்தில் இடது கையைக் கீழே இறக்கி, அங்கிருந்த குட்டைக் குமிழைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். அரசுப் பேருந்தில் இருபத்தெட்டு வருஷம் ஓட்டியவர். அதில் பாதிக்கு மேல் கொடைக்கானல் ரூட். கிளட்சும் கியரும் இல்லாத வண்டி அவர் கண்ணுக்கு மூக்கணாங்கயிறு இல்லாத மாடு.

“அவ்வளவுதான்பா. பி, ஆர், என், டி, பி.”

“ரெண்டு பி இருக்கே?”

தமிழில் சொன்னால் இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். முதல் பி நிறுத்தி வைப்பதற்கு. கடைசி பி இறக்கத்தில் போடுவதற்கு, பிரேக்கின் முதலெழுத்து என்று விளக்கினேன். “நான் பத்தலகுண்டோன்னு பாத்தேன்” என்றார். ஆங்கிலத்தில் எங்கள் ஊரின் பெயரை இன்னமும் அப்படித்தான் எழுதுகிறார்கள். மணிக்கொடி எழுத்தாளர் பி.எஸ். ராமையாவின் பி-யும் இந்த ஊர்தான்.

அப்பாவின் உரிமம் காலாவதியாகி மூன்று வருஷம் ஆகிறது. கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, இடப்பக்க இருக்கைக்கு மாறினார். அம்மாவும் என் மனைவியும் பின்னால்.

“சரி, ஸ்டார்ட் பண்ணு.”

“பண்ணியாச்சுப்பா.”

அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. முகப்புத் திரையில் ‘ரெடி’ என்று பச்சை எழுத்து மட்டும். வண்டி சத்தமே இல்லாமல் தெருவில் இறங்கியது. முனையில் படுத்திருந்த நாய் எழுந்திருக்கவில்லை. ஹாரன் அடித்த பிறகுதான் அதற்கு விஷயம் புரிந்தது.

முந்தைய நாள்தான் சென்னையிலிருந்து வந்திருந்தோம். வேளச்சேரியில் கிளம்பி, பரனூர் சுங்கச்சாவடி, திண்டிவனம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர், திருச்சி, மணப்பாறை, திண்டுக்கல் என்று சுமார் 460 கிலோமீட்டர். இந்த வண்டியை நான் வாங்கியதே இப்படிப்பட்ட பயணங்களுக்காகத்தான். ஊரில் பெற்றோர், மதுரையில் மாமனார் வீடு, வருஷத்தில் ஏழெட்டு முறை போகவேண்டியிருக்கிறது. நீண்ட சாலையில் எரிபொருள் மிச்சமாகட்டும் என்று ஹைப்ரிட் வாங்கினேன். அந்தக் கணக்கு தலைகீழானது என்று தெரிவதற்கு ஒரு வருஷம் பிடித்தது.

2022 ஜூலையில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு வண்டிகளை அடுத்தடுத்துக் காட்டினார்கள். டொயோட்டாவின் அர்பன் குரூசர் ஹைரைடர் ஒன்று, மாருதி சுசூகியின் கிராண்ட் விட்டாரா இன்னொன்று. இரண்டும் பெங்களூருக்குப் பக்கத்தில் பிடதியிலுள்ள டொயோட்டா ஆலையில் தயாராகின்றன. முகமும் பெயரும்தான் வேறு, வயிறு ஒன்று. அவற்றில் ஒன்று என்னுடையது. எது என்று சொன்னால் விளம்பரம் போலவோ வழக்கு போலவோ ஆகிவிடும், வேண்டாம்.

அன்று சந்தையில் ஹைப்ரிட் என்ற சொல் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தது. நான் ஏறி இறங்கிய ஷோரூம்களில் ஒன்றில், ஒரு தம்பி எல்லா வண்டியையும் காட்டி “இதுவும் ஹைப்ரிட்தான் சார்” என்றார். அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. மைல்டு ஹைப்ரிட் என்று ஒரு வகை உண்டு. சிக்னலில் எஞ்சினை அணைத்து மறுபடி எழுப்பும், கிளம்பும்போது கொஞ்சம் தோள் கொடுக்கும். ஆனால் தன் மின்சாரத்தில் மட்டும் வண்டியை ஓரடிகூட நகர்த்தாது. ஸ்ட்ராங் ஹைப்ரிட் வேறு பிறவி. 1490 சிசி மூன்று சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் 92 குதிரைத் திறன் தரும். மின் மோட்டார் 80 தரும். இரண்டும் கூட்டாக ஏறக்குறைய 116. சேர்ந்து இழுப்பதா, தனித்தனியாகவா, ஒன்று இழுக்க மற்றது சேமிப்பதா என்பதை வண்டியே முடிவு செய்துகொள்கிறது. நாம் எங்கும் செருகிச் சார்ஜ் செய்யவேண்டியதில்லை, செய்யவும் முடியாது. பிரேக்கை மிதிக்கும்போதும் காலை எடுக்கும்போதும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி பேட்டரியை நிரப்பிக்கொள்ளும்.

மின்சார வண்டியே வாங்கியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: எங்கள் அடுக்ககத்தில் சார்ஜிங் பாயின்ட் வைக்க அனுமதி கேட்டு நான் எழுதிய கடிதத்துக்குச் சங்கம் இன்னும் பதில் எழுதவில்லை. டீசலும் யோசித்தேன். திண்டுக்கல்லில் இருக்கும் மச்சான் டீசல்தான் வைத்திருக்கிறார். “மாப்ள, ரோட்டுல போறவனுக்கு டீசல், ரோட்டுல நிக்கிறவனுக்கு உன் ஹைப்ரிட்” என்று அப்போதே சொன்னார். அவருடைய வழக்கமான நக்கல் என்று நினைத்துச் சிரித்துவிட்டு விட்டேன்.

விலையைச் சொல்லவேண்டும். கிராண்ட் விட்டாராவை 2022 செப்டம்பரில் 10.45 லட்சத்திலிருந்து 19.65 லட்சம் வரை என்று அறிவித்தார்கள். ஸ்ட்ராங் ஹைப்ரிட் அந்த ஏணியின் மேல் படிகளில் இருந்தது. அதோடு வரி. மின்சார வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். இந்த அளவு ஹைப்ரிட்டுக்கோ 28-ம் அதன்மேல் 15 செஸ்ஸும் சேர்ந்து 43. 2025 செப்டம்பர் 22-லிருந்து அது 40 ஆகியிருக்கிறது. சாலை வரி நான் வாங்கியபோது தமிழ்நாட்டில் 15 சதவீதம். 2023 நவம்பரிலிருந்து 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையிலான வண்டிக்கு 18. உத்தரப் பிரதேசம் 2024 ஜூலையில் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்குப் பதிவு வரியையே தள்ளுபடி செய்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

சான்றிதழில் இந்த வண்டியின் மைலேஜ் லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர். அந்தச் சோதனையை ஆய்வுக்கூடத்தில் உருளைகள்மேல் வண்டியை நிறுத்தி ஓட்டிப் பார்க்கிறார்கள். அதன் உச்ச வேகம் மணிக்கு 90. பெரும்பகுதி நகரத்து ஓட்டம், நின்று நின்று போவது. சென்னையிலிருந்து திண்டுக்கல் வரை நான் 100-க்குக் குறையாமல் வந்தேன். நான்கு வழிச்சாலையில் அந்த வேகத்தில் பிரேக்குக்கு வேலையே இல்லை. பிரேக்குக்கு வேலை இல்லையென்றால் மோட்டாருக்கு வரும்படி இல்லை. எஞ்சின் ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு வந்தது. ஊரில் நிரப்பிக் கணக்குப் போட்டபோது லிட்டருக்கு 19. சுங்கச்சாவடிகளில் வரிசையில் ஊர்ந்த நிமிஷங்களில் மட்டும், மின்சாரத்தில் ஓடுவதைக் காட்டும் பச்சை விளக்கு எரிந்தது. மச்சானின் டீசலும் ஏறக்குறைய அதே 19, 20-தான் தருகிறது. அதுவும் டிக்கி நிறைய நெல் மூட்டையோடு.

டிக்கியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கொடைக்கானல் போகும் வழியில், காமக்காபட்டி சோதனைச் சாவடியில் இ-பாஸைக் காட்டினோம். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7-லிருந்து கொடைக்கும் ஊட்டிக்கும் அது கட்டாயம். சாவடி தாண்டியதும் மலை தொடங்கிவிடுகிறது. முதல் சில வளைவுகளில் புளியமரமும் மாந்தோப்பும் கூடவே வந்தன. அப்புறம் வலப்பக்கம் மலைச்சுவர், இடப்பக்கம் ஆகாயம்.

ஏற்றத்தில்தான் இந்த வண்டியின் குணம் மாறியது. காலை அழுத்தினால் எஞ்சின் ஒரே சுருதியில் ஓலமிடுகிறது. வேகம் அப்புறம் நிதானமாக வந்து சேர்கிறது. இசிவிடி என்னும் அமைப்பில் படிப்படியான கியர்கள் கிடையாது. சூரியனைச் சுற்றும் கோள்கள் மாதிரி ஒரு பல்சக்கரத்தைச் சுற்றி மற்றவை சுழன்று, எஞ்சினையும் மோட்டாரையும் கோத்துக் கொடுக்கின்றன. எஞ்சின் தனக்கு எந்தச் சுழற்சி சிக்கனமோ அதிலேயே நின்று கத்தும். மூன்று சிலிண்டர் என்பதால் குரலும் கரகரப்பு. அப்பாவால் தாங்க முடியவில்லை.

“மாத்தச் சொல்லிக் கத்துதுடா. மாத்து.”

“மாத்த கியர் இல்லப்பா.”

“ஷேர் ஆட்டோ மாதிரியில்ல இருக்கு.”

அவர் இடது கை தொடையின்மேல் கியர் மாற்றிக்கொண்டே வந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் அவருக்கு ஒரு கியர் இருந்தது. பெயர்ப்பலகை தெரிவதற்கு முன்பே ஊர்களைச் சொன்னார். எந்த வளைவில் எந்த வருஷம் மண் சரிந்தது, எந்தக் கடைக்காரர் நடுராத்திரியில் எழுந்து டீ போட்டுக் கொடுத்தார் என்பதெல்லாம் அந்தக் கைக்கு ஞாபகம் இருந்தது. டம்டம் பாறையில் நிறுத்தினோம். பள்ளத்தாக்குக்கு அப்பால் தலையாறு அருவி வெள்ளை நூலாகத் தொங்கியது. 297 மீட்டர். அதற்கு எலிவால் அருவி என்று பெயர் வைத்தவர் தூரத்திலிருந்து மட்டும் பார்த்திருக்கவேண்டும். அம்மா அவித்த கடலையைப் பிரித்தார். “முன்னாடியெல்லாம் இங்க வந்ததும் ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தணும்” என்றார் அப்பா. எங்கள் வண்டி குரங்குகளுக்கு நடுவே சத்தமில்லாமல் நின்றது. ஏசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, எஞ்சின் இல்லாமலே.

ஊத்து, பெருமாள்மலை, வெள்ளி நீர்வீழ்ச்சி தாண்டி ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது திரையில் அந்த ஏற்றத்துக்கான மைலேஜ் லிட்டருக்கு 12.6. அப்பா அதை எட்டிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பரிதாபப்பட்டார் என்றே நினைக்கிறேன்.

கொடையைப் பற்றி எழுத இந்தக் கட்டுரையில் எனக்கு ஆசையில்லை. இ-பாஸ் வந்தபின்னும் ஏரியைச் சுற்றி நெரிசல் அப்படியேதான் இருக்கிறது. ஒன்று மட்டும் சொல்லலாம்: அந்த நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்தபோது எஞ்சின் பெரும்பாலும் உறங்கிக்கொண்டிருந்தது.

அம்மா சந்தையில் இறங்கினார். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய கொடைக்கானல் மலைப்பூண்டு ஐந்து கிலோ, ஒரு மலைவாழைத் தார், கோணியில் சௌசௌ. அப்போதுதான் டிக்கி பேச்சுக்கு வந்தது. சாதாரண பெட்ரோல் வண்டியில் 373 லிட்டர் இருக்கும் டிக்கி, ஸ்ட்ராங் ஹைப்ரிட்டில் 265. பேட்டரியைத் தரைக்கடியில் வைத்ததால் தரை உயர்ந்துவிட்டது. வாங்கும்போது ஷோரூம் இளைஞர் டிக்கியைத் திறந்து அரைக் கணம் காட்டிவிட்டு மூடினார். நானும் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பெட்டிகளை வைத்ததும் அது நிறைந்துவிட்டது. கோணியை மனைவியின் காலடியில் வைத்தோம். தாரை அம்மா மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டார். பூண்டுப் பையைப் பின் இருக்கை ஓரத்தில் செருகப் போனபோது நான் பதறித் தடுத்தேன். அங்கேதான் பேட்டரிக்குக் குளிர்காற்று போகும் துளை. அதை அடைக்கக் கூடாது. “காருக்குக்கூட மூக்கு வச்சிருக்கானா?” என்றார் அம்மா. வீடு வரும்வரை வண்டி முழுக்கப் பூண்டு வாசனை.

இறக்கம். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஏறுன கியர்லதான் இறங்கணும். தெரியும்ல?”

மலைப்பாதை ஓட்டுநர்களின் பாலபாடம் அது. இரண்டாவது கியரில் ஏறிய மலையை இரண்டாவது கியரில்தான் இறங்கவேண்டும். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கைச் சும்மா தொட்டால் போதும். அதை மறந்து நியூட்ரலில் விட்டவர்களின் கதைகள் அப்பாவிடம் நிறைய உண்டு. அவற்றை அவர் மலையில் வைத்துச் சொல்லமாட்டார்.

குமிழை பி-யில் தள்ளினேன். வண்டி தானாக முரண்டு பிடித்து மெதுவானது. பேட்டரிக் கோடுகள் திரையில் ஒவ்வொன்றாக ஏறின. நாலைந்து கிலோமீட்டர் போவதற்குள் நிறைந்தும்விட்டன. அதன் பிறகுதான் அந்த ஓலம். என் கால் ஆக்ஸிலரேட்டரில் இல்லை. ஆனாலும் எஞ்சின் ஏற்றத்தில் கத்திய அதே குரலில் கத்தத் தொடங்கியது.

“என்னடா, இறக்கத்துலயும் பெட்ரோல் குடிக்குதா?”

குடிக்கவில்லை. இங்கே ஒரு கணக்குப் போட்டுக் காட்டவேண்டும், எனக்கே அது வியப்பாக இருந்தது. இந்த வண்டியின் பேட்டரி 0.76 கிலோவாட் மணி. மின்வாரியக் கணக்கில் முக்கால் யூனிட். ஆட்களோடு 1,600 கிலோ எடையுள்ள வண்டி, கொடையிலிருந்து வத்தலக்குண்டுக்கு சுமார் 1,800 மீட்டர் இறங்கும்போது மலை திருப்பித் தரும் ஆற்றல் ஏறக்குறைய 8 யூனிட். சக்கர உராய்வும் காற்றும் ஒரு பங்கைத் தின்றது போக, 4 யூனிட்டுக்குக் குறையாமல் மிஞ்சும். முக்கால் யூனிட் பாத்திரத்தில் அதைப் பிடிப்பது கண்மாய்த் தண்ணீரை உழக்கால் அள்ளுவது மாதிரி. பேட்டரி நிறைந்தபின் வரும் மின்சாரத்தை எங்காவது செலவழித்தாகவேண்டும். அதனால் வண்டி அந்த மின்சாரத்தைக் கொண்டே எஞ்சினைப் பெட்ரோல் இல்லாமல் வெறுமனே சுற்றவைக்கிறது. உள்ளே பிஸ்டன்கள் காற்றை அமுக்கி அமுக்கி அந்த ஆற்றலைத் தீர்க்கின்றன.

இதையெல்லாம் இவ்வளவு விளக்கமாக அப்பாவிடம் சொல்லவில்லை. “எஞ்சின்தான்பா புடிச்சிருக்கு, பெட்ரோல் போகல” என்றேன்.

கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே வந்தார். தொடையின்மேல் கை அசையாமல் இருந்தது.

“அப்ப செகண்ட் கியர்தான்” என்றார்.

பண்ணைக்காடு பிரிவு தாண்டி ஒரு வளைவில், வெளியூர் கார் ஒன்று ஓரங்கட்டி நின்றிருந்தது. முன்சக்கரங்களில் புகை. கருகிய வாடை எங்கள் பூண்டு வாசனையையும் மீறி வந்தது. ஒரு பையன் குடிநீர்க் கேனோடு சக்கரத்தை நோக்கி ஓடினான். அப்பா நான் வண்டியை நிறுத்தும் முன்பே கதவைத் திறந்துவிட்டார்.

“தம்பி! ஊத்தாத! டிஸ்க் கோணிக்கும். சும்மா நிக்க விடு. அரை மணி நேரம் ஆகட்டும், டீ குடிச்சிட்டு வாங்க.”

அந்தக் காரை ஓட்டியவருக்கு முப்பது வயது இருக்கும். ஆட்டோமேட்டிக் வண்டி. மலை முழுக்க டி-யிலேயே வைத்து பிரேக்கில் இறங்கியிருக்கிறார். மேனுவல் மோட் இருப்பது தெரியும், எதற்கென்று தெரியாது. அப்பா அவரை உட்காரவைத்து, ஏறுகிற வண்டிக்கு வழிவிடுவதிலிருந்து ஆரம்பித்துப் பாடம் எடுத்தார். பிறகு எங்கள் வண்டியின் முன்சக்கரத்துக்கருகே குனிந்து உள்ளங்கையை ஒரு சாண் தூரத்தில் காட்டிப் பார்த்தார். கதகதப்பு மட்டும்தான். ஒன்றும் சொல்லாமல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அடிவாரத்தில் காட்ரோடு வந்தபோது இறக்கத்துக்கான மைலேஜை திரை லிட்டருக்கு 72 என்று காட்டியது. இதைப் படமெடுத்துப் பெருமையடிப்பவர்கள் உண்டு. ஏறும்போது குடித்த நாலரை லிட்டரையும் இறங்கும்போது குடித்த முக்கால் லிட்டரையும் சேர்த்து வகுத்தால் 21 சொச்சம்தான். மலை வாங்கியதில் ஒரு பகுதியைத்தான் திருப்பிக் கொடுத்தது.

மறுநாள் சென்னைக்குத் திரும்பும்போது 80, 85-க்கு மேல் போகவில்லை. அப்பாவின் வேகம் அது. 22.5 கிடைத்தது. இரண்டு மணி நேரம் கூடுதலாகச் சாலையில் இருந்தோம். மனைவி உளுந்தூர்பேட்டைக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இரண்டு முறை கடிகாரம் பார்த்தாள்.

வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும்போது நான் ஒரே ஒரு கணக்கைத்தான் காட்டுகிறேன். மாதம் ஆயிரம் கிலோமீட்டர், பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய், சாதாரண ஆட்டோமேட்டிக்குக்கும் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கும் விலை வித்தியாசம் இரண்டு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முழுக்க நகரத்தில் ஓட்டினால், அது 13 கொடுக்கும் இடத்தில் இது 22 கொடுக்கும். மாதம் சுமார் 3,100 ரூபாய் மிச்சம், ஐந்தரை வருஷத்துக்குள் போட்ட பணம் வந்துவிடும். முழுக்க நெடுஞ்சாலை என்றால் அது 17, இது 20. மிச்சம் 900 ரூபாய். போட்டது திரும்ப வருவதற்குப் பதினெட்டு வருஷத்துக்கு மேல் ஆகும். பேட்டரிக்கு உத்தரவாதம் 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர். மச்சான் சொன்னது நக்கல் இல்லை. நான் கணக்குப் போடாமல் வாங்கினேன். நல்லவேளையாக என் அலுவலகம் கிண்டியில் இருக்கிறது.

ஊரிலிருந்து வந்த அடுத்த வாரம், திங்கள் முதல் வெள்ளி வரை, வேளச்சேரிக்கும் கிண்டிக்கும் நடுவே காலையும் மாலையும் சிக்னல் சிக்னலாக நின்று போனதில் லிட்டருக்கு 24.3. அந்த இறக்கத்தைத் தவிர முழுப் பயணத்திலும், அப்பாவின் வேகத்தில்கூட, அவ்வளவு வரவில்லை.

நீங்கள் ஷோரூமுக்குப் போகும்போது உங்கள் வீட்டின் மிகப் பெரிய பெட்டியைக் கையோடு எடுத்துச் சென்று டிக்கியில் வைத்துப் பாருங்கள். சோதனை ஓட்டத்தைக் காலியான சாலையில் அவர்கள் கூட்டிப் போகும் வழியில் போகாமல், சாயங்காலம் ஆறு மணிக்கு, நீங்கள் தினமும் வீடு திரும்பும் வழியில் கேளுங்கள். மறுத்தால் இன்னொரு ஷோரூம் போங்கள்.